ஒழுகுற வண்டி

ஜெயசித்ரா மூன்றாவது தடவையாக முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். சிங்கப்பூர் போகிற புருஷன் தங்கராசுவுக்குக் கொடுத்தனுப்பத்தான். பயணம் இரண்டு தடவை தள்ளிப்போனதில், முன்னே சுட்டதையெல்லாம் தெருவே தின்று தீர்த்துவிட்டது.

தள்ளிப்போனதற்குக் காரணம் வாசலில் நின்ற டிராக்டர். அதை விற்றால்தான் ஏஜென்டுக்குப் பணம் கட்ட முடியும். ஆனால் வாங்க ஆள் வருகிற அன்றைக்கெல்லாம் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு முறம் அகலத்துக்குக் கறுப்பாக எண்ணெய் தேங்கி நிற்கும். வந்தவர் குனிந்து பார்ப்பார், "அப்பறம் சொல்லி அனுப்பறேன்" என்பார், பஸ் ஏறிவிடுவார்.

இன்று கடைசி நாள். சாயங்காலத்துக்குள் பெரம்பலூர் ஏஜென்டு ஆபீசில் பணம் கட்டாவிட்டால் சிங்கப்பூர் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இன்றைக்கும் எண்ணெய் தேங்கித்தான் இருந்தது.

"ஏந் தம்பி, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?" அடுப்படியிலிருந்தே ஜெயசித்ரா சத்தம் போட்டாள். "ரெண்டு தடவ சீல் மாத்துன, பேக்கிங் மாத்துன. இன்னும் ஒழுகுது. எங்கண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து டெலிபோன் பூத்துக்குப் போன் பண்ணிப் பண்ணிக் கேக்குது. அது தேடிக் குடுத்த வேலை. நான் என்னன்னு பதில் சொல்றது?"

முத்துவேல் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். குரும்பலூரில் பட்டறை போட்டுப் பத்து வருஷத்தில் சம்பாதித்த பேரை இந்த ஒரு ஒழுக்கு கெடுத்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு எண்ணெயை மொய்த்திருந்த எறும்புகள் சட்டைக்குள் ஏறிக் கடித்தன. "எறும்புகூட என்னைய மதிக்கல" என்று முனகியபடி உதறிவிட்டான்.

அரும்பாவூரிலிருந்து வண்டி பார்க்க வந்திருந்த செல்லதுரை நாற்காலியை விட்டு எழுந்தார். "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், இன்ஜின் நல்லாத்தான் ஓடுது. ஆனா உழவு நேரத்துல கியர்பாக்ஸ் காஞ்சு போச்சுன்னா என் பொழப்பு என்னாவறது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

தங்கராசுவுக்கு முகம் சுண்டிப்போனது. பாவம், அந்த மனுஷன் ஒரு மாசமாகப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறான். குளிக்கப் போகும்போதுதான் அதை எடுத்து வைப்பது.

"பெரியவரே, போயிறாதீங்க!" முத்துவேல் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தான். கையில் முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பா இருந்தது.

"என்னடா, வேலை செய்யச் சொன்னா மேக்கப் பண்ணிக்கிட்டுக் கெடந்தியா?" என்றான் தங்கராசு.

"எனக்கு இல்லண்ணே, ஒங்க வண்டிக்கு. நேத்து சாயங்காலமே கியர்பாக்ஸத் தொடச்சு, அடி பூரா இந்தப் பவுடரத் தூவி வுட்டுட்டுப் போனேன். எங்க கசிஞ்சாலும் அந்த எடத்துல நனைஞ்சு காட்டிக் குடுத்துரும். இப்பக் குனிஞ்சு பாருங்க."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். மேலே கியர்பாக்ஸ் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பவுடர் கலையாமல் இருந்தது. நேர் கீழே தரையில் எண்ணெய் தேங்கியிருந்தது.

"உள்ள ஆயில் அளவும் கொறையல. இது ஒழுகவே இல்லீங்க. யாரோ வேணும்னே தரையில ஊத்தியிருக்காங்க."

"யாருய்யா அது?" என்றார் செல்லதுரை.

முத்துவேல் தங்கராசுவைப் பார்த்துச் சிரித்தான். "வேற யாரு? அண்ணன்தான். வண்டி வாங்குன புதுசுல வூட்டுக்குள்ள படுக்காம இதும் பக்கத்துலேயே கட்டில் போட்டுப் படுத்த ஆளு. குடுக்க மனசு வரல. வெளிய சொன்னா அக்கா வையும்னு பயந்துக்கிட்டு இந்த வேலையப் பாத்திருக்காரு."

"அடேய், சாமி சத்தியமா நான் இல்லடா!" தங்கராசு பதறிப்போனான். "எப்படா பிளேன் ஏறுவோம்னு நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன். என்னையப் போயி..."

அவன் பதறப் பதற முத்துவேலுக்குச் சிரிப்பு கூடியது. செல்லதுரையும் சேர்ந்துகொண்டார்.

"எவன் ஊத்துனா என்னப்பா? வண்டியில கொற இல்ல, அது போதும். இப்பவே முடிச்சுக்குவோம்." மடியை அவிழ்த்து ரூபாய்க் கட்டை எடுத்தவர், அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, ஒரு தட்டுல வெத்தல பாக்கு வெச்சு எடுத்துட்டு வா. நல்ல நேரத்துலயே பணத்தக் குடுத்துர்றேன்."

கொஞ்ச நேரம் கழித்து ஜெயசித்ரா வெளியே வந்தாள். கையில் வெற்றிலைத் தட்டு இல்லை. ஒரு தூக்குவாளி இருந்தது. போன தடவை முறுக்கு சுட்டு மிஞ்சிக் கறுத்துப்போன எண்ணெய் அதில் பாதிக்குக் கிடந்தது.

டிராக்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் அதை இறக்கி வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. செல்லதுரை பணத்தை நீட்டியபடியே நின்றார், முத்துவேலின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

ஜெயசித்ரா புருஷனை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"ஒழுக்கு நின்னுட்டா, நீங்க போயிருவீங்கல்ல?"