ஒன்பது மூட்டை

"ஒண்ணு குறையுதுடி!"

குருநாதன் போட்ட சத்தத்தில் கடலாடிப் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பி, சாயல்குடியில் போய்த்தான் இறங்கின.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மறுநாளே திரும்புகிற பயணம். அதற்கு ஒன்பது மூட்டை. வருசா வருசம் ஒன்பதுதான். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. தீவுத் தண்ணீர் வயிற்றுக்குச் சேராதென்று ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம். கட்டுச்சோறு. சொந்த மரத்து இலவம்பஞ்சுத் தலையணை. ஒரு தரம் அம்மிக் குழவியைக்கூடக் கட்டிக்கொண்டு போனவர். அம்மி அங்கே கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

அவர் பெண்டாட்டி பாண்டியம்மாள் மூட்டைகளை மறைத்தாற்போல முன்னால் வந்து நின்றாள். அவள் பயம் அவளுக்கு.

முந்தின நாள்தான் இருளம்மாள் கொல்லைப்புறமாக வந்திருந்தாள். குருநாதனின் பங்காளி தவசியின் பெண்டாட்டி. தவசி செத்து ஏழு மாதம்.

"அக்கா, அவுக அஸ்தி இத்தன நாளா எங்க வேப்பமரத்துலயே தொங்குச்சு. பிள்ளையில்லாத வீடு. பங்காளிதான் கரைக்கணும். மச்சான்கிட்டக் கேக்க எனக்கு நாக்கு எழல. நீங்களாச்சும் கடல்ல சேத்துருங்க" என்று மஞ்சள் துணி கட்டிய கலயத்தை நீட்டினாள்.

கேட்டிருந்தால் மட்டும்? வரப்பில் நின்ற ஒற்றைப் பனைக்காகப் பதினோரு வருசம் முகம் பார்க்காதவர்கள். பனை காற்றில் விழுந்து, அடுப்பெரிந்தும் தீர்ந்துபோனது. சண்டைதான் நின்றுகொண்டே இருந்தது. "அவன் பொணம் என் வாசல் வழியாப் போனாலும் திரும்ப மாட்டேன்" என்றவர், போனபோது திரும்பவும் இல்லை.

அதனால் பாண்டியம்மாள் தன் மாற்றுச் சேலை மூட்டையை வீட்டுக்குள்ளேயே போட்டுவிட்டு, அதற்குப் பதிலாகக் கலயத்தை ஒரு துண்டில் கட்டி வைத்தாள். கணக்கு ஒன்பது. எண்ணுவதோடு மனுசர் விட்டுவிட்டால் தவசி கடலுக்கு. அவிழ்த்துப் பார்த்தால் குப்பைமேட்டுக்கு.

இப்போது எட்டு என்கிறாரே!

"நல்லா எண்ணுங்க."

"எண்ணிட்டேன். எட்டு. எல்லாத்தையும் அவுத்துப் போடு, எதைக் காணோம்னு பாத்துருவோம்."

அவளும் எண்ணினாள். எட்டுதான். கலயம் இருக்கிறது, குடம் இருக்கிறது, சோறு இருக்கிறது... அப்புறம்தான் அவரைப் பார்த்தாள்.

"கக்கத்துல என்ன?"

"தலையணை."

"அதையும் சேத்துத்தான ஒன்பது?"

"இந்த வருசம் இது கணக்குல வராது."

"வராட்டி எட்டுதான வரும்?"

குருநாதன் முழித்தார். விரலை மடக்கினார், நீட்டினார். "ஆமா... எட்டுதான் வரும். அப்பச் சரி."

அவள் மூச்சு விடுவதற்குள் கலயத்து மூட்டையைத் தூக்கிவிட்டார்.

"இது என்னது?"

"ஊறுகாங்க."

"கனமே காணோம்?"

மஞ்சள் துணியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இறுக்கிக் கட்டு. ஊறுகா சிந்திறப் போகுது."

பாண்டியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ராமநாதபுரத்தில் ரயில் ஏறியும் விளங்கவில்லை. தலையணை இல்லாமல் கண்ணசராத மனுசர், அதை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எதிரில் கீழக்கரைச் சங்கு வியாபாரி சதக்.

"அண்ணே, அந்தத் தலையணைய மேல வச்சா நான் செத்த நேரம் கால நீட்டுவேன்ல?"

"இதுல கை பட்டுச்சு, பாம்பன் பாலத்துலயே உம்மை இறக்கி விட்டுருவேன் மரைக்காயரே."

சதக் பாலம் முடிகிற மட்டும் காலை மடக்கிக்கொண்டே வந்தார்.

"நீங்களாச்சும் தலைய வச்சுப் படுங்களேன்" என்றாள் பாண்டியம்மாள்.

"இது மேலயா? சும்மா வாடி."

அக்கினித் தீர்த்தத்தில், ஐயரைக் கூட்டி வருகிறேன் என்று அவர் நகர்ந்த நேரம் பார்த்து அவள் கலயத்தோடு கடலில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் துணியை அவிழ்த்தாள்.

"கொழுந்தனாரே, கோவிக்காமப் போய்ச் சேருங்க" என்று கவிழ்த்தாள். சாம்பல் அலையில் கலந்தது. திரும்பினால், கரையில் குருநாதன். கக்கத்தில் தலையணை.

இனி மறைத்து என்ன?

"என்னைய வெட்டிப் போட்டாலும் சரி. என் சேலை மூட்டைக்குப் பதிலா தவசிக் கொழுந்தனைக் கொண்டாந்தேன். இப்பத்தான் கரைச்சேன். பொம்பள கரைச்சது பாவம்னா அது என் தலையில விடியட்டும்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. திறந்தால், அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையணைத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ கரைச்சது நம்ம வீட்டு அடுப்புச் சாம்பல்டி. முந்தாநாளே மரத்துல ஏறி மாத்தி வச்சுட்டேன்."

பஞ்சுக்குள் கையை விட்டு, தாமரை இலையில் மடித்த பொட்டலம் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார்.

"தவசி இங்கன இருக்கான். ஐயர் வந்துக்கிட்டிருக்காரு. ஊருல போய்ச் சொல்லிக்கிறாத... எங்க சண்டை இன்னும் முடியல."