முதல் கிளாஸ்

பால்பாண்டி செய்த துரோகங்களைத் தொழிற்சங்கத்து முத்துக்கிருஷ்ணன் வரிசை மாறாமல்தான் சொல்வார்.

முதலாவது: ஏலத்தோட்டத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கங்காணி பேர் வாசித்தான். அத்தனை பேரும் கொடியோடு ரோட்டில் நிற்க, பால்பாண்டி ஒருத்தன் மட்டும் உள்ளே நின்று "இருக்கேன்" என்றான்.

இரண்டாவது: பறித்துக் குவித்த பச்சைக் காய் உலராமல் கறுத்திருந்தால் முதலாளி ஒரே வாரத்தில் இறங்கி வந்திருப்பார். அவன் காய் உலர்த்துகிற ஸ்டோரின் அடுப்புக்கு விறகு தள்ளி, அத்தனையையும் உலர்த்திக் கொடுத்தான். போராட்டம் மழைக்காலம் முழுக்க இழுத்தது.

மூன்றாவது: கடைசியில் கூலி உயர்ந்தபோது, வெட்கமில்லாமல் வரிசையில் நின்று அதையும் வாங்கிக்கொண்டான்.

நான்காவது புதிது. பால்பாண்டி போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மகள் சூர்யகலா அதே ஏலக்காய் ஸ்டோரை வாடகைக்குப் பிடித்து, சொந்தமாகப் பீர் காய்ச்சிச் சாப்பாட்டோடு விற்கிறாளாம்.

கூலி உயர்ந்த நாளில், வருஷந்தோறும் போடி கொடிமரத்தடியில் நின்று அந்தக் கருங்காலியின் பேரைச் சாட்சிகள் முன்னால் வாசிப்பது முத்துக்கிருஷ்ணன் வழக்கம். ஒரு காலத்தில் கூட்டம் தெருவை அடைத்து நிற்கும். பிறகு மெலிந்தது. மழையென்றாலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்று கடைசிவரை கேட்கிற ஆள் ஒருத்தன் உண்டு. அவனையும் இரண்டு வருஷமாகக் காணோம்.

இந்த வருஷம் வந்தது மைக் செட்டுக்காரன் மட்டும். அவனும், கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் வந்தான்.

முத்துக்கிருஷ்ணன் வாசிக்க எழுதிவந்த துண்டறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கேட்க ஆள் வராவிட்டால், ஆள் இருக்கிற இடத்துக்குப் போகவேண்டியதுதான். தோட்டத்துக்குப் போகிற ரசூலின் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கடை நிறைந்திருந்தது. ஜன்னலோரம் ஒரு மேஜை மட்டும் காலி. அதில் போய் உட்கார்ந்தார்.

சூர்யகலா ஓடிவந்தாள். அவரை முன்னே பின்னே பார்த்தவள் இல்லை. அது ஒருத்தருக்காக வைத்திருக்கும் இடம், கோவித்துக்கொள்ளக் கூடாது என்றாள்.

"யாருக்கு? முதலாளிக்கா?"

"பெரிய ஆளு ஒருத்தருக்கு, பெரியப்பா. நீங்க இங்கிட்டு வாங்க. நல்லா காத்து வரும்."

காற்று வரவில்லை. மீன் பொரிக்கிற புகைதான் வந்தது. ஐந்தாவது என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டார்.

"எங்க போனாலும் உங்களுக்குன்னு ஒரு சண்ட காத்துக்கிட்டு இருக்குண்ணே," என்றான் ரசூல். தனக்குக் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சொன்னான். அவருக்குச் சோறும் ஒரு கிளாஸ் பீரும். தனக்கு அது ஆகாது, ஆனால் திட்டப்போகிறவருக்குத் தொண்டை நனைய வேண்டாமா என்றான்.

முத்துக்கிருஷ்ணன் ஒரு வாய் குடித்தார். கசப்புக்குப் பின்னால் ஏலக்காய் மணம் மெல்ல எட்டிப்பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது.

"கசப்பு பத்தாது," என்றார்.

"உங்களுக்கு என்னைக்குப் பத்தியிருக்கு?"

துண்டறிக்கையை எடுத்துப் பிரித்தார். எழுந்து நிற்க மேஜையில் கை ஊன்றியபோது, ஸ்டோரின் பழைய மணி அடித்தது.

சூர்யகலா ஒரு தட்டுச் சோறும், அப்போதுதான் திறந்த புதுப் பீப்பாயின் நுரை ததும்பும் முதல் கிளாஸும் கொண்டுவந்து அந்தக் காலி மேஜையில் வைத்தாள். பழகிய கூட்டம் போலிருக்கிறது. சாப்பிடுகிற கைகள் தாமாகவே நின்றன.

"எங்கப்பா பால்பாண்டி ஒரு கருங்காலி," என்றாள்.

முத்துக்கிருஷ்ணன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவர் எழுதியிருந்த முதல் வரியும் அதுதான்.

"எல்லாரும் பட்டினி கெடந்து ரோட்டுல நின்னப்ப, எங்கப்பா இந்த அடுப்புக்குத்தான் விறகு தள்ளுனாரு. அவுக வாங்கிக் குடுத்த கூலியிலதான் நான் படிச்சேன். சாகுற வரைக்கும் வருஷா வருஷம் இதே நாள்ல போடிக்கு எறங்கிப் போவாரு. தலையில துண்டப் போட்டுக்கிட்டு, கூட்டத்துக்குப் பின்னால நின்னு, தன் பேர வாசிக்கிறதக் கேட்டுட்டு வருவாரு."

ரசூல் மெதுவாகத் திரும்பி முத்துக்கிருஷ்ணனைப் பார்த்தான்.

"'மைக்குல வாசிக்கிறவரு சொல்றதுல ஒண்ணும் பொய்யில்ல ஆத்தா, நீ இந்த அடுப்புல எது காய்ச்சுனாலும் மொத கிளாசு அவருக்கு வையி'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு. அவரு எங்க வாசல மிதிக்க மாட்டாரு. இருந்தாலும் அவருக்கு எடம் இருக்கணும்."

முத்துக்கிருஷ்ணன் எழப் பார்த்தார்.

அதற்குள் சூர்யகலா நிமிர்ந்து நின்று, பெரட்டில் கங்காணி கூப்பிடுகிற அதே ராகத்தில், கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு பேரை வாசித்தாள். பதில் வராதென்று தெரிந்தும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு இரண்டாம் தடவையும் வாசித்தாள்.

"போடி முத்துக்கிருஷ்ணன்."