சின்ன ர

முதல் கிட்டார் ஒலியிலேயே ஷைனி உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி அதிர்ந்தது.

டிரம்ஸ் அடிப்பது காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. போனில் கேட்டபோது இப்படி இருந்ததே இல்லை.

தேர்வாய் கண்டிகையில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் குடும்ப விழா அது. லாரிகள் நிற்கும் மைதானத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து மேடை போட்டிருந்தார்கள். வழக்கமாக மிமிக்ரி, மிஞ்சினால் ஒரு பட்டிமன்றம். இந்த வருஷம் 'கம்பிவேலி' ராக் குழு வருகிறது என்று கேண்டீன் வாசலில் நோட்டீஸ் ஒட்டியபோது, அவளோடு வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் நோட்டீஸைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்கள்.

பின்னே? எத்தனையோ போன் மாற்றிவிட்டாள், ரிங்டோனை மட்டும் மாற்றியதில்லை.

அத்தனை வருஷமும் ஒரே பாட்டு. அதன் மற்ற வரிகள் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே நசுங்கிப் போயிருக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு சொல் போதும்.

இறங்கு. இறங்கு. இறங்கு.

பாடகன் தொண்டை கிழியக் கத்துவான். யாருக்கோ அல்ல, அவளுக்கே சொல்வது போல இருக்கும்.

இப்போது அவன் நேரில் நிற்கிறான். தொப்பை விழுந்திருந்தது. தாடி நரைத்திருந்தது. இவனா அவன் என்று ஒரு நிமிடம் குழம்பினாள். எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டினார்கள். அவளும் தூக்கினாள், எப்போது இறக்குவதென்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது. இது சந்தோஷம்தானா என்றும் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியின் மேல் ஏறி நின்று மகள் ஏஞ்சல் குதித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பாட்டு தொடங்கியது.

மைதானமே எழுந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில், பாட்டின் வரிகள் ஒவ்வொன்றாக ஓடின. அந்தச் சொல் வந்தது. திரை முழுக்க, வெள்ளை எழுத்தில்.

இரங்கு.

ஷைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"தப்பா போட்டுகிறாங்க பாரு," என்று மகளின் காதில் கத்தினாள். "பெரிய ற இல்ல வரணும்!"

"இல்லம்மா, கரெக்டாத்தான் போட்டுகிறாங்க. மனசு இரங்குறது. நம்ம சர்ச்சுல சொல்றோமே, எங்களுக்கு இரங்கும்னு. அந்த இரங்கு."

ஷைனியும் ஞாயிறு தவறாமல் சொல்கிறவள்தான். அந்தச் சொல் இந்தப் பாட்டுக்குள் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பாட்டின் நடுவே பாடகன் கையைக் காட்டி டிரம்ஸை நிறுத்தினான். காலேஜில் படிக்கும்போது ஒரு பெண்ணின் பின்னால் சுற்றியதாகவும், அவள் திரும்பியே பார்க்கவில்லை என்றும், அவளிடம் கெஞ்சித்தான் இதை எழுதினதாகவும் சொன்னான். அவள் கடைசிவரை இரங்கவே இல்லை என்றான். கூட்டம் சிரித்தது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு ஷைனியும் சிரித்தாள்.

யாரோ ஒரு பையன். யாரோ ஒரு பெண். அவ்வளவுதானா?

யாரிடம் போய்க் கேட்பது? கோபப்படலாமென்றால் யார் மேல்? பாட்டு அவளை ஏமாற்றவில்லை. அது அவளிடம் பேசவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓடி, பதில் சொல்லி, அதை வைத்தே இத்தனை வருஷம் பிழைத்தது போல் இருந்தது அவளுக்கு.

பாடகன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். ஷைனியும் மற்றவர்களோடு சேர்ந்து கத்தினாள். காதுக்கு ரெண்டும் ஒன்றாகவே கேட்டது. தான் எந்த எழுத்தைக் கத்தினோம் என்று அவளுக்கே புரியவில்லை.

ஏஞ்சல் நாற்காலியிலிருந்து குனிந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நீ இன்னானு நெனச்சுக்கினு இருந்த?"

"பஸ்ல சொல்லுவாங்களே... அந்த இறங்கு."

ஏஞ்சல் விழுந்து விழுந்து சிரித்தாள். தோழிகளிடம் சொல்ல வேண்டும் என்றாள். ஷைனி அவள் கீழே விழாதபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பாட்டை முதன்முதலாகக் கேட்ட அன்றைக்கு, ஊத்துக்கோட்டையில் திருப்பதி பஸ் ஏறியபோது ஷைனியின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. திரும்பி வருவதாக இல்லை. ஏன் கிளம்பினாள் என்று இன்றுவரை அவளுக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. தூக்கமில்லாத கண்ணோடு எழுந்தாள், நடந்தாள், ஏறினாள். பின் சீட்டில் யாரோ ஒருவனின் போனில் அந்தக் குரல் கத்தியது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னாள். சுருட்டப்பள்ளியில் இறங்கி, வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

வீட்டில் பாயில் தூங்கவைத்துவிட்டு வந்திருந்த கைக்குழந்தைக்கு, அப்போது ஏஞ்சல் என்று பெயர்கூட வைத்திருக்கவில்லை.