பெரட்டுப் பாட்டு

கோலா சிலாங்கூர் கோர்ட்டு வராந்தாவில் வெள்ளைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி, காளியண்ணனின் கேசட்டை இறுக்கிப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவளும் ஒரு கேஸ் போட வந்துவிட்டாள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், இன்று மூன்று ஸ்டூடியோவுக்கு முதலாளி. விடியுமுன் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைப் பதிவு செய்து, அதன்மேல் டிரம் மிஷினை ஓடவிட்டான். "செல்லன்!" "இருக்கேன்!" "அமராவதி!" "இருக்கேன்!" ராப் என்று இளவட்டங்கள் ஆடித் தீர்த்தார்கள்.

'நேரடிப் பதிவு, 12 மார்ச் 1987' என்று கேசட் அட்டையில் பெருமையாகப் போட்டான். அதைப் பிடித்துக்கொண்டுதான், அத்துமீறி நுழைந்தான் என்று தோட்டத்தார் வழக்குப் போட்டார்கள்.

அவனுடைய வக்கீல் தேவதாஸ் சமரசப் பத்திரத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க லா பாஸ். அபராதம்கூட வேணாமாம். ஒரிஜினல் டேப்பக் குடுத்தா போதுமாம்."

"இல்லன்னா?"

"ஜெயிலுக்குள்ளதான். ஏற்கெனவே ரெண்டு கேஸ் கழுத்துல தொங்குது."

"குடுத்துத் தொலைப்போம். அலுத்துப்போச்சு."

பையிலிருந்து டேப்பை எடுத்தான். அந்தப் பெண் கிட்டே வந்தாள்.

"தம்பி, நான் கலாவதி. செல்லன் சம்சாரம்."

"எந்தச் செல்லன்?"

"ஒங்க பாட்டுல மொதல்ல வர்றவரு. பெரட்டு முடிஞ்சு ஏறிப்போன லோரி கவுந்து, அன்னைக்கே போயிட்டாரு."

அந்த 'இருக்கேன்' நன்றாக விழுந்திருக்கிறது என்று நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டவன் காளியண்ணன்தான். செத்தவன் குரலுக்கு ஊரே ஆடியிருக்கிறது.

"சத்தியமாத் தெரியாது அக்கா. மன்னிச்சிடுங்க. கேசட்டெல்லாம் கடையிலருந்து எடுத்துடறேன். இந்த டேப்பையும் இப்பவே தோட்டத்துக்குக் குடுத்துடறேன், அவங்களே அழிச்சிடுவாங்க."

பேனாவைத் திறந்தான். ரப்பர் மரம் சீவிக் காய்த்துப்போன இரண்டு கைகள் டேப்பை வெடுக்கென்று பிடுங்கின.

"கேசட்ட எடுக்கச் சொல்லி வரல தம்பி. நஷ்டஈடு கேட்டு நான் ஏறாத ஆபீஸ் இல்ல."

"அதுக்கு இந்த டேப் எதுக்கு அக்கா?"

"அன்னைக்கு அவரு வேலைக்கே வரலன்னு தோட்டத்துல சாதிக்கிறாங்க."