கொட்டகை நிறைந்த நாள்

காஞ்சிபுரத்து அந்த நாடகக் கொட்டகை கல்யாண மண்டபமாகி வெகுநாளாயிற்று. 'மக்கள் கண்டெடுத்த நடிகர் சிவராஜ் முதன்முதலில் நடித்த இடம்' என்று தெருக்காரர்கள் அதன் சுவரில் பதித்த கல்லைத் திறந்துவைத்துவிட்டு, சிவராஜே மைக்கைப் பிடித்தார்.

"இதே மேடையில நான் நடிக்கறதுக்கு முந்தின நாள் என் நண்பன் ஏகாம்பரம் நடிச்சான். என்னைவிட நல்லா நடிப்பான். ஆனா கொட்டகை காலி. மறுநாள் நான் நடிச்சேன், நிக்க இடமில்ல. அவன் தறிக்குத் திரும்பிட்டான், நான் சினிமாவுக்குப் போனேன். மக்கள் தீர்ப்பு அது."

முன்வரிசையில் ஏகாம்பரம் மனசாரக் கைதட்டினார். கூடத் தட்டத்தான் ஆளில்லை. பாதி நாற்காலிகள் காலி.

கீழே இறங்கியதும் சிவராஜ் கடுகடுத்தார். "என்னப்பா, ஊர்க்காரங்க யாரையும் காணோம்?"

"நாளைக்கு வெச்சிருந்தா கூட்டம் தாங்காது சிவா. நாளைக்கு அமாவாசை, தறிக்கு லீவு. மத்த நாள்ல எவன் தறிய விட்டுட்டு வருவான்?"

சரிந்த பொன்னாடையை ஏகாம்பரம் அவர் தோளில் ஏற்றிவிட்டார்.

"நீ வாத்தியார் வூட்டுப் புள்ள, உனக்கு இது தெரியாது. அப்பவும் அமாவாசை என் நாளாத்தான் இருந்துது. மொதல் நாடகம், ஆளில்லன்னா மனசு ஒடைஞ்சிடுவியேன்னு உனக்கு மாத்திவிட்டேன்."

சிவராஜின் கண் சுவரிலிருந்த கல்லுக்குப் போனது. 'மக்கள்' என்ற முதல் சொல்லைத் தாண்டி நகரவில்லை.