அம்மா சொல்றாங்க

அந்த ஆள் மொழிபெயர்ப்பதே இல்லை, சொந்தமாக அளக்கிறார்!

இதை நான் கண்டுபிடித்தது 1974-ல். மரக்காணத்துக்குப் புதுசாக வேலைக்கு வந்த வாத்தியார் நான். அந்த வட்டாரத்திலேயே எனக்கு மட்டும்தான் இங்கிலீஷ் தெரியும் என்று மனசார நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒரு காலம்!

மாதா கோயில் பக்கத்துக் கொட்டகையில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பங்குச் சாமியார் ஒரு கருத்தரங்கு ஏற்பாடு செய்திருந்தார். 'நான் யார்? குடும்பம் எதற்கு? வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?' என்று சுவரில் பெரிசாக எழுதி, கீழே சின்னதாக 'காபி உண்டு' என்று போட்டிருந்தது. உப்பளத்து ஜனங்கள் அந்தக் கீழ் வரிக்காகத்தான் வந்தார்கள். அந்தப் பனைவெல்லக் காபியின் ருசியும், உப்புக் காற்றில் கொட்டகைக் கீற்று சலசலக்கும் சத்தமும் இந்த வயசிலும் எனக்கு மறக்கவில்லை.

பேச வந்தவர் ஆரோவில் பக்கம் குடியேறிய ஒரு வெள்ளைக்கார அம்மா. பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறி வருவார். பேசுவது இங்கிலீஷ். அதைத் தமிழில் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

சாமியார் கூப்பிட்டது உப்பள மேஸ்திரி சிலுவைமுத்துவை.

"அவரு மெட்ராஸ் ஹார்பர்ல அஞ்சு வருஷம் இருந்தவரு வாத்தியாரே. வெள்ளைக்காரங்ககிட்ட பேசிப் பழக்கம்" என்றார்.

சிலுவைமுத்து ஊரில் யாரோடும் அதிகம் பேசாதவர். வீட்டில் அதுவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் ஜோசப்பின், கூனிமேட்டில் ஒருவனைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து மனைவி இன்னாசிமேரி இவரோடு பேசுவதில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுவாள். இவர் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவாள். ஊருக்கே தெரிந்த கதை.

முதல் வாரம். 'நான்' என்பது உடம்பா, பெயரா, நினைவா என்று அம்மா அரை மணி நேரம் அழகாகப் பேசினார். சிலுவைமுத்து தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா சொல்றாங்க... நான்தான் பெரிய ஆளுன்னு மாரைத் தட்டினவன், கடைசில வூட்டுக்குள்ளயே தனியா குந்திகினு இருப்பான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா எங்கே அப்படிச் சொன்னார்?

மூன்றாவது வாரம் குடும்பம். அம்மா பட்டணத்து வாழ்க்கை, தனிமை என்று என்னென்னவோ பேசினார்.

"அம்மா சொல்றாங்க... பெத்த புள்ள மேல கோவம்லாம் ஒரு நாளுதான். அப்பால இருக்குது பாரு, அது கோவம் இல்ல, வெக்கம். எப்படிப் போயி கூப்பிடறதுன்ற வெக்கம்."

கூட்டத்தில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

"நம்ம வூட்டை எட்டிப் பார்த்த மாதிரியில்ல பேசுது இந்தம்மா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மீன்கார தையல்நாயகி.

எனக்கு வயிறு எரிந்தது. ஐந்தாவது வாரம் கொட்டகையில் உட்கார இடமில்லை. முதல் வாரம் வாசலோரம் நின்ற இன்னாசிமேரிகூட முன் வரிசைக்கு வந்துவிட்டாள். ஒரு மோசடிக்கு இத்தனை மவுசா?

அன்றைக்கு அம்மா மரணத்தைப் பற்றிப் பேசினார்.

"அம்மா சொல்றாங்க... சாவறதுக்குள்ள பேரப்புள்ளைய ஒரே ஒரு தபா தூக்கிப் பார்த்துடணும். வேற ஒண்ணும் வாணாம்."

அவர் குரல் கொஞ்சம் கம்மியது. நடிப்பு வேறு என்று நினைத்தேன். இனி பொறுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டேன். பஸ் வந்தது. முதலில் இறங்கியது இன்னாசிமேரி. பின்னாலேயே, இடுப்பில் குழந்தையோடு, அச்சு அசலாக அவள் ஜாடையில் ஜோசப்பின். இருவரும் என்னைக் கவனிக்காமல் கொட்டகையைப் பார்த்து நடந்தார்கள். எனக்கும் அவர்களைக் கவனிக்க நேரமில்லை. அடுத்து வெள்ளைக்கார அம்மா இறங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த ஆள் உங்களை ஏமாற்றுகிறார். நீங்கள் சொல்வது ஒன்று, அவர் சொல்வது ஒன்று. இன்றைக்கு எல்லார் முன்னாலும் அவரை அம்பலப்படுத்தப் போகிறேன்" என்றேன். மூன்று நாளாக மனப்பாடம் செய்த இங்கிலீஷ்.

அம்மா சிரித்தார்.

"தெரியுங்க வாத்தியாரே" என்றார், தமிழில்!

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன்.

"அஞ்சு வருஷமா ஊர்ப் பொம்பளைங்களோட சேர்ந்து மண்ணு வெட்டறேன். தமிழ் வராம எப்படி இருக்கும்?"

"அப்போ... எல்லாம் புரிஞ்சுகிட்டேதான் சும்மா நின்னீங்களா? தமிழ்லயே பேசியிருக்கலாமே!"

"முதல்ல கூட்டத்துல தமிழ் பேசக் கூச்சமா இருந்துச்சு. ரெண்டாவது வாரம் பேசிடலாம்னுதான் வந்தேன். அன்னிக்குத்தான் சாமியார் மேஸ்திரி வூட்டுக் கதையைச் சொன்னாரு."

முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களையே அம்மா பார்த்தார். கொட்டகை வாசலில் சிலுவைமுத்து நின்றிருந்தார். இன்னாசிமேரி தோளில் இப்போது அந்தக் குழந்தை.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க" என்றார் அம்மா. "நான் தமிழ்ல பேசிட்டா, அவரு தன் பெஞ்சாதிகிட்ட எப்படிங்க பேசுவாரு?"