இரண்டாவது குளியல்

"முட்டையா? இந்த வீட்டுக்குள்ளயா? படி தாண்டினா தெரியும் சேதி!"

கனகலட்சுமி தமிழில் கத்தினாள். அம்மாவும் மகளும் பேசிக்கொள்வதெல்லாம் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில்தான். கோபம் வந்தால் மட்டும் அம்மாவுக்குத் தமிழ் வந்துவிடும்.

ரம்யாஸ்ரீ வாசலிலேயே நின்றாள். ஒரு கையில் அட்டை ராக்கெட். இன்னொரு கையில் முட்டை.

"திங்கறதுக்கு இல்லம்மா. ராக்கெட்டுல வச்சு அனுப்பணும். நாளைக்குப் போட்டியே அதுதான். மேல போயிட்டு உடையாம இறங்கணும்."

"அதுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வையேன்."

"எலுமிச்சம்பழம் உடையாதேம்மா!"

"அப்ப நல்லதுதானே?"

ரம்யாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ராக்கெட்டை அவளே செய்திருந்தாள். அப்பாவின் ஜவுளிக்கடைக்குத் துணி சுற்றி வரும் அட்டைக்குழல்தான் உடம்பு. தலைக்கு நூல் சுற்றிய அட்டைக் கூம்பு. இறக்கைக்குக் கெட்டியான கல்யாணப் பத்திரிகைகள். வெடிமருந்துக் குழாயை மட்டும், ஒத்திகைக்கும் சேர்த்து, போட்டி நடத்தும் கல்லூரியே தரும்.

"போன வாரம் ரெண்டு தடவ விட்டுப் பார்த்தோம். சுத்தி ஸ்பான்ஜ் வச்சும் ரெண்டு முட்டையும் உடைஞ்சு போச்சு. இது ஒண்ணாவது..."

"இதுவும் உடைஞ்சா ராக்கெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அட்டையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டுப் படிக்கிற வேலையைப் பாரு. சம்மதமா?"

ரம்யா கொஞ்சம் யோசித்தாள். "சம்மதம்."

முட்டைக்கு வீட்டில் இடம் கிடைக்கவில்லை. வெளியே மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, ஸ்பான்ஜ் துண்டுகளை அடைத்து, முட்டையை உள்ளே வைத்துக் கூம்பை மூடினாள். பூனை உருட்டாமல் இருக்க ராக்கெட்டின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

விடிந்தது. ரம்யா எழுந்து வரும்போது பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா குளித்து முடித்து விளக்கேற்றிவிட்டாள் என்று அர்த்தம்.

ஆனால் கிளம்புகிற நேரத்தில், குளியலறையிலிருந்து மறுபடியும் ஈரத்தலையோடு வந்தாள் கனகலட்சுமி. புடவையும் வேறு.

"என்னம்மா, மறுபடியும் குளிச்சியா?"

"ம்."

"மாடிப்படிக்கு அடியில ஒரு முட்டை இருந்ததுக்கா?"

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நேரமாச்சு. கிளம்பு."

ரம்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடையை எடுத்து எறிந்துவிட்டு, ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

பரவையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து காத்திருந்தாள் வகுப்புத் தோழி ஜெயக்கொடி. முட்டை அவள் வீட்டுக் கோழி இட்டது.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு?"

ரம்யா சொன்னாள்.

"ஒரு முட்டைக்கே ஒரு குளியலா? அப்ப உங்கம்மா எங்க வீட்டுக்கு வந்தா வைகையையே கொண்டாரணும் போல."

"வைகையில தண்ணி வேணும்ல?" என்றாள் ரம்யா. சிரிப்பு வரவில்லை. "வாழ்த்த வேணாம்டி. தீட்டு மாதிரி நெனைக்காம இருக்கலாம்ல?"

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் கல்லூரி மைதானம். இவர்களுக்கு முன்னால் போன ஆறு ராக்கெட்டிலும் முட்டை கூழாகத்தான் வந்தது.

ரம்யாவின் ராக்கெட் புஸ்ஸென்று சீறிக் கிளம்பியது. வேப்பமரங்களைத் தாண்டி, இன்னும் மேலே போய், ஒரு நொடி நின்று, தலை கவிழ்ந்தது.

இப்போது அதன் பாராசூட் குடை விரிய வேண்டும். விரிந்தது. ஆனால் பாதிதான்.

"போச்சுடி!" என்றாள் ஜெயக்கொடி.

கொடிக்கம்பத்துச் சிமெண்டு மேடையில் தொம்மென்று விழுந்தது ராக்கெட். இறக்கை ஒன்று பிய்ந்து தனியாகப் போனது.

நடுவர் வந்து கூம்பைத் திருகி எடுத்தார். விரலில் சிவப்பாக ஏதோ ஒட்டியது.

"என்னம்மா இது, ரத்தம் மாதிரி இருக்கு?"

ரம்யா கண்ணை மூடிக்கொண்டாள். பழைய பேப்பர்காரனின் தராசுதான் தெரிந்தது.

"ஏய், கண்ணத் தொறடி!" ஜெயக்கொடி உலுக்கினாள். "முழுசா இருக்கு! முட்டை முழுசா இருக்கு!"

நடுவர் முட்டையை மேசையில் வைத்துச் சுழற்றினார். தள்ளாடித் தள்ளாடி நின்றது.

"அவிச்சது இல்ல. பச்சை முட்டைதான். நல்லா பேக் பண்ணியிருக்கீங்க. அது சரி, முட்டைக்கு எதுக்கும்மா குங்குமம்?"

ரம்யா பார்த்தாள். முட்டையின் நடுவில் மஞ்சள் தடவி, வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. அவள் அடைத்த ஸ்பான்ஜ் துண்டு ஒன்றைக்கூடக் காணோம். கூம்பு முழுக்கப் பஞ்சு. விளக்குத் திரி திரிப்பதற்காக அம்மா வாங்கி வைக்கிற பஞ்சு. கற்பூர வாசனை அடித்தது.

"யாருடி வச்சா?" என்றாள் ஜெயக்கொடி.

ரம்யா அந்தப் பஞ்சைக் கையில் எடுத்து முகர்ந்தாள்.

திரும்பி வரும்போது கனகலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"உடையலையே?" வீட்டுப் பாஷையில் கேட்டாள்.

"உடையலம்மா. நாங்கதான் முதல்."

அம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள். "சரி, சரி. முட்டை தொட்ட கை. குளிக்காம உள்ள வராதே."

"குளிக்கிறேம்மா" என்று ரம்யா சிரித்தாள். "தொட்டுப் பொட்டு வச்சவங்களே காலையில ரெண்டாவது தடவை குளிச்சாச்சு. எனக்கென்ன?"